பரந்தனுக்கு வந்த ரயில்

சண்டை ஓய்ந்து, பூட்டிக் கிடந்த கண்டி வீதி திறந்த அடுத்த வருடம், கனடாவில் இருந்த என் மூத்த அண்ணா எங்களைப் பார்க்க வந்தார். அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்குக் கைக்கடிகாரம், எனக்கு ஒரு ரேப் ரெக்கோடர். "பின்னேரத்தில பாட்டுக் கேள்" என்று சொல்லித்தான் தந்தார். கறுப்பு நிறம், தூக்கிப் போகக் கைபிடி, முகப்பில் வரிசையாகப் பொத்தான்கள். அவற்றில் ஒன்று மட்டும் சிவப்பு. அதை அமத்தினால் பக்கத்தில் கேட்கிற எதையும் கசெற்றில் பதிந்துவிடும். பாட்டுக் கேட்கும் எண்ணம் அந்தச் சிவப்புப் பொத்தானைக் கண்டதோடு போய்விட்டது. மறுநாளே அதைச் சைக்கிள் கரியரில் கட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

நான் அப்போது பரந்தனுக்குப் பக்கத்தில், முரசுமோட்டையில் நாலாம் ஆண்டுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி வந்து அதிக காலம் ஆகவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கூரை தகரம். மூன்றாம் ஆண்டும் நாலாம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் ஒரே மண்டபத்தில். நடுவில் சுவர் கிடையாது. நான் கூட்டல் சொல்லிக்கொடுக்கும்போது மறுபக்கத்தில் பெருக்கல் வாய்ப்பாடு ஓடும். மின்சாரம் இல்லை. என் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்ததை ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். தனியாக ஒருவரை எழுப்பி, "நேற்று வயலில என்ன பாத்தனீங்கள்?" என்று கேட்டால் நிலத்தைப் பார்ப்பார்கள். அதுதான் என் பெரிய கவலை.

முதல் நாள் ஒவ்வொருவரையும் தங்கள் வீட்டில் இருக்கும் ஆடு, மாடு, கோழி பற்றிக் கதைக்கச் சொல்லிப் பதிந்தேன். பிறகு போட்டுக் காட்டினேன். தன் குரல் பெட்டிக்குள்ளிருந்து வந்ததும் ஒரு பெடியன் வாங்கிலுக்குக் கீழே ஒளித்துக்கொண்டான். அடுத்த நிமிடம் எல்லோரும், "ரீச்சர், திரும்ப என்னை, திரும்ப என்னை" என்று என்னைச் சுற்றி நின்றார்கள். நிலத்தைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

பக்கத்து வகுப்புகள் குழம்பின. அதிபர் வாசலில் வந்து நின்றார்.

"ரீச்சர், இது பள்ளிக்கூடமோ, ரேடியோக் கடையோ?"

"சுற்றாடல் பாடம் சேர். ஓசைகளை இனங்காணுதல்."

"ஓசையை நான் ஒபிசுக்குள்ள இருந்தே நல்லா இனங்காணுறன். வெளியில கொண்டுபோய்ச் செய்யுங்கோ."

கோபத்தில் சொன்னார். ஆனால் எனக்கு அது அனுமதியாகப் போய்விட்டது. அன்றிலிருந்து கிணற்றுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் நின்ற வேப்பமரம்தான் எங்கள் வகுப்பறை. பிள்ளைகள் முறைபோட்டு ஊரின் சத்தங்களைப் பதிந்து வந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் விழுவது, நெல்லுச் சூடடிக்கிற மிசின், மயில், தவளை, மோர் கடைகிற சத்தம். பற்றரி விலை கூட என்பதால் அது இறங்கத் தொடங்கினால் கழற்றி வெயிலில் காயவைப்போம். கொஞ்சம் உயிர் வரும். பற்றரிகளைக் காகம் தூக்காமல் காவலிருக்க ஒவ்வொரு நாளும் ஒருவர்.

இந்த விளையாட்டில்தான் கடைசி வரிசையில், பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தியை நான் சரியாகப் பார்த்தேன். சொல்வதெழுதல் கொப்பியில் அவளுக்கு நான் போட்ட சிவப்புக் கோடுகள்தான் அதிகம். ஒரு நாள் தண்ணீர் இறைக்கிற பம் ஓடுகிற சத்தத்தைப் போட்டேன். வகுப்பே "பம்!" என்று கத்தியது. அவள் மட்டும் கையை உயர்த்தினாள்.

"பம்தான் ரீச்சர். ஆனா அது கோயிலடிப் பம். எங்கட பம் உப்பிடி இருமாது."

பதிந்து வந்தவனைக் கேட்டேன். கோயிலடிப் பம்தான்.

அந்தத் தவணையில் ஆரம்பப்பிரிவு ஆசிரியர்களுக்கு வவுனியாவில் ஒரு பயிற்சி நடந்தது. அங்கே என் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் நகரத்துக்கு அண்மையில் ஒரு முஸ்லிம் பாடசாலையில் நாலாம் ஆண்டு படிப்பிக்கும் ஆசிரியை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், சிரித்த முகம். அவருடைய குடும்பமும் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வெளியேறி வந்ததுதான். மத்தியானச் சாப்பாட்டின்போது ரேப் ரெக்கோடர் கதையைச் சொன்னேன். அவர் சாப்பாட்டுப் பார்சலை மூடி வைத்துவிட்டார்.

"டீச்சர், எங்கட வீட்டிலயும் ஒண்டு கிடக்கு. உங்கட புள்ளைகள் ஒரு கசெட் அனுப்பட்டும். எங்கட புள்ளைகள் கண்டுபுடிக்கட்டும். பொறகு நாங்க அனுப்புறம், நீங்க கண்டுபுடிங்க."

இப்படித்தான் அது தொடங்கியது.

எங்கள் முதல் கசெற்றை நானே கொண்டுபோனேன். ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் என் பையைத் திறந்து கசெற்றை எடுத்தான். இளம் பெடியன். "இது என்ன?" என்று உடைந்த தமிழில் கேட்டான். பள்ளிக்கூடம், பிள்ளைகள் என்று நான் சொன்னது அவனுக்குப் போதவில்லை. உள்ளே போய் ஒரு ரேடியோவில் போட்டான். முதலில் பிள்ளைகளின் அடக்கிய சிரிப்பு, பிறகு தவளைகள். மாரிகாலத்து வயலின் முழுக் கச்சேரியும் அந்தச் சாவடிக்குள் கேட்டது. அவன் நெற்றியைச் சுருக்கிக் கேட்டான். பிறகு என்னைப் பார்த்து, "கெம்பா?" என்றான். தவளையின் சிங்களப் பெயர் அது என்று எனக்குத் தெரியும். "ஓம், கெம்பா" என்றேன். சரியாகச் சொன்ன பிள்ளையின் சிரிப்பு அவன் முகத்தில் வந்தது. மற்றவர்களையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் கசெற்றைத் திருப்பித் தந்தான்.

சில வாரங்களில் வவுனியாவிலிருந்து பதில் கசெற் வந்தது. சந்தை இரைச்சலைக் கண்டுபிடித்தோம். கொத்துரொட்டி போடுகிற சத்தத்தை ஒருவன் வாயூறிக்கொண்டே சொன்னான். கடைசிச் சத்தம்தான் எங்களை மடக்கியது.

தூரத்தில் ஒரு அதிர்வு. அது வளர்ந்து வளர்ந்து வந்தது. இரண்டு பிள்ளைகள் தாங்களறியாமலே, குண்டுபோடுகிற விமானமோ என்று அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். பிறகு நீளமாக ஒரு ஊதல். தடக்-தடக், தடக்-தடக் என்று ஒரு தாளம் எங்களைக் கடந்து போனது. இரும்போடு இரும்பு உரசும் கிரீச் சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு.

எனக்கு முதல் ஊதலிலேயே தெரிந்துவிட்டது. சின்ன வயதில் அப்பாவின் மடியில் இருந்து நான் அதில் போயிருக்கிறேன். ஆனால் என் முன்னால் இருந்த பிள்ளைகள் யாரும் பிறக்கும் முன்னரே எங்கள் பக்கத்து ரயில் நின்றுவிட்டது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் யுத்தகாலத்தில் பங்கர் கட்டப் போய்விட்டன. கிளிநொச்சியில் புல் மூடிய ஒரு மண்மேடுதான் மிச்சம். அதன் மேல் அவர்கள் மாடு மேய்த்திருக்கிறார்கள்.

"உழுகிற ராக்ரர்!"

"நெல்லு மில்!"

"ராக்ரரும் மில்லும் சேந்து!"

நான் பின்வாங்கில் பிள்ளையைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், அது கனக்கச் சில்லுள்ள சாமான். ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வருது. ஆனா எங்கட ஊரில அப்பிடி ஒண்டு இல்லை."

பதிலை நான் சொல்லவில்லை. "வீட்டில கேட்டுக்கொண்டு வாங்கோ" என்றேன். ஒவ்வொரு பிள்ளையும் தான் கேட்டதை வீட்டில் வாயால் செய்து காட்டியிருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பதில் கிடைத்தது. ஒரு வீட்டில் கிறைண்டர் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்த வாரம் பெற்றோர் கூட்டம். பின்வாங்கில் பிள்ளையின் தகப்பன் முதல் ஆளாக எழும்பினார். பரந்தனில் பிறந்து வளர்ந்தவர், வயல்காரர், கதையில் வெட்டொன்று துண்டிரண்டு.

"ரீச்சர் குறை நினைக்கக் கூடாது. வாற வருசம் இதுகளுக்குப் புலமைப்பரிசில் சோதினை. தவளை கத்திறதைப் பதியவோ நாங்கள் பிள்ளையளைப் பள்ளிக்கூடம் அனுப்பிறம்? தவளை எங்கட வளவிலயே கத்துது."

பலர் தலையாட்டினார்கள். அதிபர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் உதவி எதுவும் இல்லை. அப்போது ஒரு தாய் எழும்பி, "அதை விடுங்கோ. அந்தச் சத்தம் என்னெண்டு முதல்ல சொல்லுங்கோ ரீச்சர். எங்கட வீட்டில ரெண்டு நாளாச் சண்டை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கசெற்றைப் போட்டேன்.

ஊதல் கேட்டதும் சிரிப்பு நின்றது. தாளம் கடந்து போய், கிரீச்சிட்டு, பெருமூச்சு விட்டு அடங்கியது. அந்தத் தகப்பன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"கோச்சி" என்றார். குரல் மாறியிருந்தது. "எங்கட வீடு ஸ்ரேசனுக்குப் பின்னால. விடிய மெயில் கோச்சி வரேக்க குசினியில தட்டெல்லாம் ஆடும். அம்மா அதைக் கேட்டுத்தான் எங்களை எழுப்பிறவா."

அதன் பிறகு கூட்டம் என் கையில் இல்லை. முறிகண்டியில் யன்னலால் கச்சான் கடலை வாங்கிய கதை, ஆனையிறவில் உப்புக்காற்று முகத்தில் அடித்த கதை, டிக்கெற் இல்லாமல் பிடிபட்ட கதை. ஆளுக்கு ஆள் குறுக்கே விழுந்து கதைத்தார்கள். பிள்ளைகள் வாசலில் குவிந்து நின்று பெற்றோரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் அப்பா அம்மா இப்படிக் கதைப்பதை அவர்கள் அதிகம் கண்டதில்லை. போகும்போது அந்தத் தகப்பன் என்னிடம் வந்தார்.

"சோதினையை மறக்காதேங்கோ ரீச்சர்" என்றார். பிறகு, "அதைத் திரும்ப ஒருக்காப் போடுவியளோ?" என்று கேட்டார்.

மறுநாள் வேப்பமரத்தடியில் பின்வாங்கில் பிள்ளைதான் கேட்டாள்: "ரீச்சர், நாங்கள் ஒரு கோச்சி செய்தா என்ன?"

அடுத்த மூன்று வாரங்கள் எங்கள் எல்லாப் பாடமும் அந்த ரயிலுக்குள்தான் நடந்தது. வவுனியாவிலிருந்து பரந்தன் வரை நிலையங்களை ஒழுங்காகக் கேட்டுவந்து வரைபடம் கீறினார்கள். அது சுற்றாடல். ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்று வீட்டில் விசாரித்துக் கணக்குப் போட்டார்கள். நிலைய அறிவிப்பாளர், கச்சான்காரி, முதல் தடவை ரயிலில் வரும் ஒரு ஆச்சி, டிக்கெற் பரிசோதகர் என்று பாத்திரம் பிரித்து வசனம் எழுதினார்கள். பின்வாங்கில் பிள்ளை எழுதிய தாளில் இன்னமும் பிழைகள் இருந்தன. ஆனால் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். முன்பு மூன்று வரி எழுதவே தாளைக் கசக்குகிறவள்.

சத்தம் செய்வதுதான் பெரும்பாடு. தண்டவாளத் தாளத்துக்குத் தேங்காய்ச் சிரட்டைகளை வாங்கில் பலகையில் அடித்தார்கள். இயந்திரத்தின் அதிர்வுக்கு நாலு பெடியள் வெறும் வாளிக்குள் முகத்தை வைத்து "ம்ம்ம்" என்று இழுத்தார்கள். ஊதலுக்குப் போத்தல்களில் வெவ்வேறு அளவில் தண்ணீர் விட்டு ஒன்றாக ஊதினார்கள். எது தடித்த சத்தம், எது மெல்லிய சத்தம், தண்ணீர் கூடினால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் பதிந்ததைப் புதுப் பற்றரி போட்டுக் கேட்டால் எங்கள் ரயில் அணில் மாதிரி ஓடியது. ஏன் என்று தலையைப் பிய்த்தோம். இறங்கின பற்றரியில் பதியும்போது நாடா மெதுவாக ஓடியிருக்கிறது என்பதை அவர்களே இரண்டு நாள் பரிசோதித்துக் கண்டுபிடித்தார்கள்.

இருந்தும் கேட்டால் ரயில் மாதிரி இல்லை. ஒரு வகுப்பு சத்தம் போடுகிற மாதிரித்தான் இருந்தது. பின்வாங்கில் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"வராமல் நிக்குது ரீச்சர்."

"என்ன?"

"கோச்சி வரவேணும். இது ஒரே இடத்தில நிண்டு சத்தம் போடுது. நாங்கள் கிணத்தடியில தொடங்கி நடந்து வருவம். பெட்டி இஞ்ச இருக்கட்டும்."

அப்படியே செய்தோம். சிரட்டைக்காரர் கழுத்தில் பலகையைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார்கள். வாளிக்காரர் வாளியோடு, போத்தல்காரர் போத்தலோடு. கிணற்றடியிலிருந்து வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக, மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டி ரேப் ரெக்கோடரைத் தாண்டி வந்து நிற்க வேண்டும். முதல் தரம் குறுக்கே ஒரு ஆடு வந்து கத்தியது. அடுத்த தரம் வீதியில் ராக்ரர் போனது. அதற்கடுத்த தரம் ஒருவனுக்குச் சிரிப்பு வந்து முழு ரயிலும் தடம் புரண்டது. மண்டபத்துக்குள்ளிருந்து மற்ற வகுப்புகள் எட்டிப் பார்த்தன.

அதிபர் ஒபிசிலிருந்து வெளியே வந்தார். அவர் மற்ற வகுப்புகளைப் பார்த்து, "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருங்கோ, கோச்சி வருது" என்றார். பிறகு என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ரீச்சர், கார்ட் விசில் ஊதாமல் கோச்சி எப்பிடி வெளிக்கிடும்?"

விளையாட்டுப்போட்டிக்கு ஊதும் விசில் அவர் சட்டைப்பையில் இருந்தது. கிணற்றடிக்குப் போய் நிமிர்ந்து நின்று ஊதினார். அந்தத் தரம் ஆடும் வரவில்லை, ராக்ரரும் வரவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. ரயில் புறப்பட்டு வந்தது. நான் சிவப்புப் பொத்தானை அமத்தியபடி கண்ணை மூடிக்கொண்டேன். என் முன்னால் சிரட்டையும் வாளியும் இருப்பது எனக்கு மறந்துபோனது.

அந்தக் கசெற்றை அனுப்பும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று வவுனியா ஆசிரியையிடம்கூடச் சொல்லவில்லை. "கண்டுபிடியுங்கோ" என்று மட்டும் ஒரு துண்டு வைத்தோம்.

பதிலை அவர் தபாலில் அனுப்பவில்லை. லீவு போட்டு, இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கச் சோதனைகளையும் தாண்டி, பஸ்சில் அவரே எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். விருந்தாளி என்று அன்றைக்கு எல்லோரும் மண்டபத்துக்குள் இருந்தோம். வகுப்பின் முன்னால் நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஆரு புள்ளைகள் இந்த வேலயச் செஞ்ச? நானே ஏமாந்திட்டன். கேளுங்க."

கசெற்றைப் போட்டார். எங்கள் ரயில் ஓடி முடிந்ததும் அவருடைய வகுப்பின் குரல்கள் கேட்டன. "ரயில்! ரயில்!" என்று ஒரே சத்தம். தினமும் ரயிலைப் பார்க்கிற பிள்ளைகள் அவர்கள். "இது லேசு, எங்களுக்குத் தெரிஞ்ச சத்தம்தானே" என்று ஒருவன் அலட்சியமாகச் சொன்னான். பிறகு ஒரு சிறுமியின் குரல் தனியாகக் கேட்டது.

"டீச்சர், அவங்கட ஊருக்கு ரயில் எப்ப வந்த?"

எங்கள் வகுப்பில் எழுந்த ஆரவாரத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. வாங்கிலில் ஏறிக் குதித்தார்கள், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். ஐந்தாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் காரணம் தெரியாமலே கைதட்டின. பின்வாங்கில் பிள்ளை மட்டும் இருந்த இடத்தில் இருந்தபடி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு ஆசிரியை கண்ணைத் துடைப்பதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்ற பழைய பழக்கம். பல வருடம் படிப்பித்திருக்கிறேன், சோதனையில் சித்தியடைந்த பிள்ளைகளும் எனக்கு நிறைய உண்டு. அன்றைக்குப் பட்ட பெருமையை நான் வேறு எப்போதும் படவில்லை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

பொழுதுபடச் சாவடியில் பாதை பூட்டுவதற்கு முன் அவர் ஓமந்தையைத் தாண்ட வேண்டும். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. செய்தி கேட்டு வந்த பின்வாங்கில் பிள்ளையின் தகப்பன் தன் ராக்ரரை இழுவைப் பெட்டியோடு கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

"ஏறுங்கோ ரீச்சர். பரந்தன் சந்தியில பஸ் பிடிச்சுத் தாறன்."

விருந்தாளிக்கு ராக்ரர்ப் பெட்டிக்குள் ஒரு கதிரை போட்டோம். பிள்ளைகளும் ஏறிக்கொண்டார்கள். அதிபர் தடுக்கவில்லை. சந்தியில் பஸ்சில் ஏறும்போது அந்த ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பிடி ஊர்வலமா என்னய ஆரும் வழியனுப்பினதில்ல டீச்சர்" என்றார். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அந்தப் பிள்ளைகள் அடுத்த வருடம் சோதனை எழுதினார்கள். சிலர் சித்தியடைந்தார்கள். பின்வாங்கில் பிள்ளை சித்தியடையவில்லை. தகப்பன் என்னிடம் வந்து, "பரவாயில்லை ரீச்சர், அவள் இப்ப பேப்பர் வாசிச்சுக் காட்டிறாள்" என்றார். பிறகு வந்த யுத்தத்தில் நாங்கள் மறுபடியும் இடம்பெயர்ந்தோம். ரேப் ரெக்கோடரும் கசெற்றுகளும் பள்ளிக்கூட அலுமாரிக்குள்ளேயே போய்விட்டன. அந்த வகுப்பில் எல்லோரும் இன்று இல்லை. அதை இங்கே எழுத என்னால் முடியாது. அவள் இருக்கிறாள், நலமாக இருக்கிறாள்.

அந்த ஆசிரியை வந்துபோன அன்று பின்னேரம், பஸ் போனபின் ராக்ரர் முரசுமோட்டைக்குத் திரும்பியது. விருந்தாளி இருந்த கதிரையில் என்னை இருத்திவிட்டுப் பிள்ளைகள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சண்டை பிடித்தார்கள். அடுத்த கசெற்றுக்கு, இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிற சத்தத்தை எப்படிச் செய்வது என்பதுதான் சண்டை. ஒருவன் சுளகில் நெல்லைப் போட்டு உருட்டலாம் என்றான். இல்லை, அது மழைச் சத்தம் என்றாள் மற்றவள். ராக்ரர் ஓட்டிக்கொண்டிருந்த தகப்பன் திரும்பிப் பார்த்து, இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

"எங்கட வீட்டில தகரம் கிடக்கு! தகரத்தில கொட்டிப் பாருங்கோ!"